சமூக சேவைக்காகக் கம்பெனி கொடுக்கும் விருதை வாங்கிக்கொள்வது சரியா?

கேள்வி: "எங்கள் நிறுவனத்தில் சமூகப் பணி செய்கிற ஊழியர்களையும் ஓய்வுபெற்றவர்களையும் மேடையேற்றிக் கௌரவிக்கப் போகிறார்கள். பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. விளம்பரத்துக்காகச் செய்தது போல ஆகிவிடுமோ என்று கூச்சமாக இருக்கிறது. வாங்கலாமா, மறுத்துவிடலாமா?"

வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் பெருந்தன்மையாகத் தெரியும், சரி. ஆனால் உங்கள் நாற்காலி காலியாக இருக்காது. மரம் நடும் நாளன்று மண்வெட்டியைப் பிடித்துப் போட்டோவுக்கு நின்ற ஏதோ ஒரு டெபுடி மேனேஜர் அதில் உட்கார்ந்துவிடுவார். நான் கண்ணால் பார்த்தது.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இன்னும் சர்வீஸில் இருப்பவர் என்று தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பீர்கள், அல்லது ஏரிக்கரையில் பிளாஸ்டிக் பொறுக்குவீர்கள், அல்லது பார்வையற்ற மாணவர்களுக்குப் பரீட்சை எழுதிக் கொடுப்பீர்கள். வீட்டில் "ஊரான் வேலையெல்லாம் நமக்கெதுக்கு" என்று ஒரு முறையாவது திட்டு வாங்கியிருப்பீர்கள். அதற்கே தனியாக ஒரு சால்வை போடலாம்.

நான் சென்னை அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஆபரேட்டராகச் சேர்ந்து ஷிப்ட் இன்சார்ஜாக ஓய்வுபெற்றவன். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே இன்னும் என் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். என் வேலை ரத்தம். கொடுப்பதைவிட ஆள் பிடித்துக் கொடுப்பதுதான் அதிகம். ஒரு முறை எங்கள் லைனில் வேலை பார்த்தவரின் மனைவிக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாகி, ஏற்றும் ரத்தத்துக்குப் பதிலாக ரத்தம் கொடுக்க ஆள் கொண்டுவரச் சொன்னார்கள். ஷிப்ட் முடிந்த கையோடு எண்ணெய்க் கறை படிந்த யூனிபாரத்திலேயே போய் நின்றோம். அப்புறம் யார் யாருக்கு என்ன குரூப், எந்த ஷிப்ட், எங்கே வீடு என்று ஒரு டைரியில் எழுத ஆரம்பித்தேன். பாடி, கொரட்டூர், முகப்பேர் என்று சுற்றுவட்டாரத்தில் யாருக்குத் தேவைப்பட்டாலும் போன் எனக்கு வரும். ரத்தக்காரர் என்றே பெயராகிவிட்டது. கேட்பதற்கு ஒரு மாதிரி இருக்கும், பழகிவிட்டது.

எத்தனை பேருக்கு ஏற்பாடு செய்தேன் என்று எண்ணி வைக்கவில்லை. பிறகு வாங்கிய சான்றிதழில் ஒரு எண் அச்சாகியிருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் எழுதினால், "வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது" என்று பாடம் எடுக்க நாலு பேர் வருவார்கள். ஐயா, ரத்த விஷயத்தில் அது நடக்காது. முன்பெல்லாம் காசுக்கு ரத்தம் விற்பவர்கள் இருந்தார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரி 1 முதல் அது தடை. நல்ல காரியம்தான். ஆனால் அதற்கப்புறம் யாராவது வாய்விட்டுக் கேட்டால்தான் ரத்தம் வரும் என்றாகிவிட்டது. பத்துப் பேர் கொடுத்தது வெளியே தெரிந்தால்தான் பதினோராவது ஆள் ஊசி பயத்தை விட்டுவிட்டு வருவான். நானும் அப்படி இன்னொருவரைப் பார்த்துப் போனவன்தான்.

எங்கள் கம்பெனியில் நிறுவனர் நாளன்று முகாம் போடுவார்கள். வாழைமரம், பேனர், ஜூஸ், பிஸ்கட், ஒரு சாவிக்கொத்து. ஒரே நாளில் எல்லோரும் கொடுத்துவிடுவார்கள். ஒருமுறை கொடுத்த ஆண் மறுபடி கொடுக்க 90 நாள் ஆக வேண்டும், பெண் என்றால் 120 நாள். ஆகவே முகாம் முடிந்த மறுநாளிலிருந்து மூன்று மாதத்துக்கு என் டைரியில் கூப்பிட ஆளே இருக்காது. எடுத்த ரத்தமும் அப்படியே இருக்காது. சிவப்பணுக்கள் 35 நாள், சேர்க்கும் கரைசலைப் பொறுத்து 42 நாள் தாங்கும். பிளேட்லெட் என்கிற தட்டணுக்களுக்கு 5 நாள்தான், அதையும் ஆட்டிக்கொண்டே வைத்திருக்க வேண்டும். 2017இல் டெங்கு ஊரையே போட்டு ஆட்டியபோது ராத்திரி பதினோரு மணிக்குப் பிளேட்லெட் கேட்டு வந்தவர்களிடம், எங்கள் கம்பெனியில் நடந்த பிரமாண்டமான முகாமைப் பற்றிச் சொல்லி என்ன பிரயோஜனம்?

முகாமை ஷிப்ட் வாரியாகப் பிரித்து, நாலு மாதத்துக்கு ஒரு தடவை வையுங்கள் என்று எச்ஆரில் கேட்டுப் பார்த்தேன். "ஒரே நாளில் வைத்தால்தான் சார் நம்பர் நல்லா வரும்" என்றார்கள்.

நம்பர் எதற்கு என்று எனக்குப் பின்னால்தான் விளங்கியது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி என்று ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுகிற செலவை அந்தக் கணக்கில் காட்ட முடியாது. அதிலிருந்துதான் கம்பெனிகளுக்குச் சேவை என்றாலே அறிக்கையும் படமும் வேண்டியதாயிற்று. ஆண்டறிக்கையில் ஒரு பக்கம் நிரம்ப வேண்டும். உங்களுக்கு வந்த அழைப்பிலும் இதில் கொஞ்சம் இருக்கும். எனக்கு அதில் வருத்தமில்லை. படம் எடுக்கவாவது நம் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்களே.

எல்லா இடமும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். டாடா குழுமத்தில் 2014 முதல் தன்னார்வப் பணிக்கென்றே ஒரு திட்டம் நடக்கிறது. ஜம்ஷெட்ஜி டாடா பிறந்த மார்ச் 3ஐ ஒட்டி ஒரு வாரம், உலகத் தன்னார்வலர் தினமான டிசம்பர் 5ஐ ஒட்டி ஒரு வாரம். ஊழியரோடு அவர் வீட்டாரும், ஓய்வுபெற்றவர்களும் கலந்துகொள்ளலாம். பெரிய இடம், அவர்களால் முடிகிறது. எங்களை மாதிரி இடங்களில் நிலவரம் வேறு.

எங்கள் நிலவரம் டைம் ஆபீஸ், அதாவது வருகைக் கணக்குப் பார்க்கும் இடம். ஷிப்ட் நடுவில் போன் வரும். முகப்பேரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், ஏபி பாசிட்டிவ் வேண்டும். ஆள் மெஷினில் நிற்கிறான். கேட் பாஸ் வேண்டுமென்றால் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போட மாட்டார், அவருக்கு உற்பத்திக் கணக்கு இருக்கிறது. போட்டாலும் அரைநாள் சம்பளம் போய்விடும். பிளேட்லெட் மெஷினில் உட்கார்ந்து கொடுப்பதென்றால் டெஸ்ட், காத்திருப்பு எல்லாம் சேர்ந்து அரைநாளுக்கு மேலேயே ஓடிவிடும். நிறுவனர் நாளில் ரத்தம் கொடுத்தால் ஜூஸும் சாவிக்கொத்தும், மற்ற நாளில் கொடுத்தால் லாஸ் ஆஃப் பே. இதுதான் கணக்கு. மத்திய அரசு ஊழியர்களுக்கு 2017 டிசம்பர் கடைசியில் ஒரு உத்தரவு வந்தது. வேலை நாளில் உரிமம் பெற்ற ரத்த வங்கியில் ரத்தமோ பிளேட்லெட்டோ கொடுத்தால் சிறப்புத் தற்செயல் விடுப்பு, வருடத்துக்கு நாலு முறை வரை. அந்த உத்தரவை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டுபோய் நான் காட்டாத ஆள் கிடையாது.

எல்லாம் முடிந்து ஓய்வுபெற்ற பிறகு எச்ஆரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "சார், இந்த வருஷம் ரிட்டயர்டு எம்ப்ளாயீஸையும் ஹானர் பண்றோம். நீங்க கண்டிப்பா வரணும்." எனக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன். என் மனைவி பட்டுச்சேலை எடுத்து வைத்தாள். போனால் கேட்டில் செக்யூரிட்டி விசிட்டர் சீட்டு எழுதச் சொன்னான். புதுப் பையன், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் "யாரைப் பார்க்க வேண்டும்" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

மேடையில் சிறப்பு விருந்தினர் வரத் தாமதம். வரவேற்புப் பாட்டு இரண்டு தடவை ஓடியது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ஷீல்டு, சால்வை, செடி வைத்த ஒரு தொட்டி. முதியோர் இல்லத்துக்கு ஒரே ஒரு தடவை பழம் கொண்டுபோன மார்க்கெட்டிங்காரருக்கும் அதே ஷீல்டு, எனக்கும் அதே ஷீல்டு. சரி, அதைக்கூட விட்டுவிடுகிறேன். நான் பட்டியலில் தேடிய பெயர் ஒன்று இல்லை.

எங்கள் கேன்டீனில் ஒரு தம்பி இருந்தான். மதுரைப் பக்கத்துக்காரன். ஓ நெகட்டிவ். நம் நாட்டில் நெகட்டிவ் வகைகள் எல்லாம் சேர்ந்தே நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இருக்கும். அதிலும் ஓ நெகட்டிவ் என்றால், குரூப் பார்க்க நேரமில்லாத அவசரத்தில் யாருக்கும் ஏற்றலாம். அதனால் அவனுக்கு எப்போதும் கிராக்கி. இட்லிக் கொப்பரையை இறக்கி வைத்துவிட்டு, "அண்ணே, வண்டியை எடுங்க" என்று என் பின்னால் ஏறி உட்காருவான். அன்றைய கூலி போய்விடும், ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். நான் கையில் காசு வைத்து அழுத்தினால், "ரத்தத்துக்குக் காசு வாங்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்று என்னையே மடக்குவான்.

அவன் பெயரைச் சேர்க்கச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தேன். ஏன் இல்லை என்று கேட்டபோது அந்தப் பெண் பாவம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சார், அவர் நம்ம ரோல்ல இல்ல. கான்ட்ராக்டர் ஆள். எம்ப்ளாயீஸும் ரிட்டயரீஸும்தான் எலிஜிபிள்." நான் வேலை பார்த்த காலத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் இருந்தே ஆக வேண்டும். அங்கே பொங்கிப் போடுகிறவன் மட்டும் நம் ஆள் இல்லையாம். நிறுவனர் நாள் முகாமில் அவன் கொடுத்த யூனிட் கம்பெனிக் கணக்கில் ஏறியிருக்கிறது. அப்போது மட்டும் யாரும் ரோல் பார்க்கவில்லை.

விழா முடிந்து டீ குடிக்கும்போது பிளான்ட் ஹெட்டிடம் போய் இரண்டு விஷயம் கேட்டேன். சால்வை தோளில் இருக்கும்போது தட்டிப் பேச மாட்டார்கள் என்ற தைரியம்தான். ரத்தம் கொடுக்கப் போகிறவனுக்கு ஆன் டியூட்டி, அதாவது வேலையில் இருந்ததாகவே கணக்கு, போடுங்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் அதைக் கொடுங்கள். முதலாவது நடந்தது. இப்போது நிரந்தரத் தொழிலாளி ரத்த வங்கி சீட்டைக் காட்டினால் அரைநாள் ஆன் டியூட்டி. டைம் ஆபீஸில் முணுமுணுப்பார்கள், ஆனால் போடுகிறார்கள். அத்தனை பேரிடம் ஜெராக்ஸ் காட்டியும் நடக்காதது அந்த ஒரு டீயில் நடந்தது. விருதை வாங்குங்கள் என்று உங்களிடம் நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இதுதான். மறுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் பிளான்ட் ஹெட் பக்கத்தில் எனக்கு யார் இடம் கொடுத்திருப்பார்கள்?

இரண்டாவதற்கு, "கான்ட்ராக்டரிடம் பேசுகிறோம்" என்றார். பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் ஓய்வுபெற்றவர்களைக் கௌரவிப்பது என்று நீங்கள் எழுதியதால் சொல்கிறேன். மேலே சொன்ன 135ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்த அதே 2014இல், செப்டம்பரில், இபிஎஸ் 95 என்கிற தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் பென்ஷனுக்குக் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். என்னோடு மேடையேறிய ஒருவர் அந்த ஆயிரத்தைச் சுற்றித்தான் வாங்குகிறார். பஞ்சப்படி கிடையாது, விலைவாசி ஏறினாலும் அது ஏறாது. அவருக்குப் போர்த்திய சால்வையின் விலை என்ன என்று நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டோம். இதற்காகக் கம்பெனி மேல் கோபப்பட முடியாது, அது அரசுத் திட்டம். யார் மேல் கோபப்படுவது என்று தெரிந்தால் நல்லது.

"விருதும் வாங்கிவிட்டுக் குறையும் சொல்கிறான்" என்று இதைப் படிக்கிற யாருக்காவது தோன்றினால் தோன்றட்டும். அந்தத் தம்பி இப்போது வேறு கான்ட்ராக்டரிடம் ஶ்ரீபெரும்புதூர் பக்கம் போய்விட்டான். நம்பர் மட்டும் மாறவில்லை. 65 வயது வரை ரத்தம் கொடுக்கலாம் என்றாலும் எனக்கு இன்சுலின் போட ஆரம்பித்ததால் நான் கொடுக்க முடியாது. போன் போடுவது மட்டும் என் வேலை. அவனுக்கும் போடுவேன், 90 நாள் ஆகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டு.

உங்கள் விழா எந்தத் தேதி என்று நீங்கள் எழுதவில்லை. டிசம்பர் 5ஐ ஒட்டி என்றால் பட்டியல் நவம்பரிலேயே முடிந்துவிடும். அதற்கு முன்னால் உங்களோடு சேர்ந்து உழைக்கிற கான்ட்ராக்ட் ஆட்கள், ஹவுஸ்கீப்பிங், டிரைவர், செக்யூரிட்டி யாராக இருந்தாலும் பெயர்களை மெயிலில் எழுதி அனுப்பி, பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். உங்கள் வேலைக்கு என்ன தேவையோ, ஆன் டியூட்டியோ, வண்டியோ, சனிக்கிழமை ஒரு அறையோ, அதை ஒரே வரியில் தயாராக வைத்திருங்கள். சிறப்பு விருந்தினரிடம் சொல்லிப் பயனில்லை, கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு இருக்கிறதோ அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். விழா முடிந்து ஒரு வாரம் கழித்துப் போனால் "அடுத்த வருஷம் பார்க்கலாம் சார்" என்பார்கள். தம்பி விஷயத்தில் எனக்கு அந்தப் பதில்தான் கிடைத்தது.