கிட்டார் கேள்வி–பதில்: மாடலிங் ஆம்ப்பும் டிஸ்டார்ஷன் பெடலும்

கேள்வி: 50 வாட் மாடலிங் ஆம்ப் (பல ஆம்ப்களின் ஒலியை டிஜிட்டலாகப் போலச் செய்வது) வைத்திருக்கிறேன். பாஸ் நிறுவனத்தின் டிஎஸ்-1 டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும்) பெடல் வாங்கி அதற்கு முன்னால் இணைத்தேன். தகரத்தைத் தேய்ப்பது போல ஒலிக்கிறது. பழுது பெடலிலா, ஆம்ப்பிலா?
– வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: பெரும்பாலும் இரண்டிலும் பழுது இருக்காது. டிஸ்டார்ஷன் மேல் டிஸ்டார்ஷன் ஏறியிருக்கும். மாடலிங் ஆம்ப்பின் பிரீசெட்டுகள் (தயார் அமைப்புகள்) பலவற்றில் பூஸ்டர் (சிக்னலைக் கூட்டுவது), ரிவர்ப் (எதிரொலி), நாய்ஸ் கேட் (இரைச்சலை அடைப்பது) எல்லாம் ஏற்கெனவே ஆன் செய்து வைக்கப்பட்டிருக்கும். உங்களுடையது பாஸ் நிறுவனத்தின் ‘கட்டானா’ ஆம்ப் என்றால், பூஸ்டர் பகுதியின் விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கிளீன் சேனலில் கெயினை 9 மணிக்கு (கடிகார முள் 9-ஐக் காட்டும் திசையில்) வையுங்கள். பெடலை ஆஃப் செய்து, எல்லாக் கம்பிகளையும் அழுத்தி ஒரு ஸ்ட்ரம். அந்தச் சத்தத்தின் அளவைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது பெடலை ஆன் செய்யுங்கள். டிஸ்ட் நாப் குறைவில், டோன் 10 மணியில். ஆன் செய்தாலும் ஆஃப் செய்தாலும் சத்தம் ஒரே அளவில் வரும்வரை லெவலைத் திருகுங்கள். அதன்பிறகே டிஸ்ட்டைக் கூட்ட வேண்டும். டோனை 12 மணிக்கு மேல் கொண்டுபோனால் டிஎஸ்-1 சீக்கிரம் கூர்மையாகிவிடும். இந்தப் பெடல் மிட் பகுதியை (நடுத்தர ஒலிகளை) குறைத்துக் குழிப்பது. ஆம்ப்பின் கிளீன் சேனல் ஃபெண்டர் நிறுவன ஆம்ப்களின் வகையாக இருந்தால் அதுவும் மிட்டைக் குழிக்கும். ஆகவே ஆம்ப்பில் மிடிலை 2 மணி வரை ஏற்றி, ட்ரெபிளைக் குறையுங்கள். எல்லா நாப்களையும் 12 மணியில் வைத்தால் சமநிலை என்று பலரும் நம்புகிறார்கள். இந்த வகை ஆம்ப்பில் அது உண்மையில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கரகரப்பு போகவில்லையா? பெடலின் லெவலைப் பாதியாக்கி, ஆம்ப்பின் மாஸ்டரை ஏற்றிப் பாருங்கள். கரகரப்பு மறைந்தால் காரணம் ஆம்ப்பின் நுழைவாயில். வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்பில் பெடல் அதிகம் தள்ளினால் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக நசுக்கி வாங்கிக்கொள்ளும்; அந்தச் சுகத்துக்காகத்தான் ஓவர்டிரைவ் பெடலை முழு லெவலில் வைக்கும் பழக்கமே வந்தது. மாடலிங் ஆம்ப்பிலோ சிக்னல் முதலில் எண்ணாக மாற வேண்டும். அந்த மாற்றிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்படும், அதற்குப் பிறகு எந்த மாடலாலும் அதை ஒட்டவைக்க முடியாது. வலுவான சிக்னல் தரும் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

கேள்வி: டியூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடல் வாங்கலாம் என்று நினைக்கிறேன். மாடலிங் ஆம்ப்போடு சேருமா?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: நன்றாகவே சேரும், ஆனால் கிளீனில் அல்ல, ஏற்கெனவே டிஸ்டார்ஷன் உள்ள கிரஞ்ச் அல்லது லீட் மாடலில். டிரைவை ஏறக்குறைய பூஜ்யத்தில் வைத்து, லெவலை 1 மணி அளவுக்கு மட்டும் ஏற்றி, ஆம்ப்பின் கெயினை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறையுங்கள். இந்தப் பெடலின் டிஸ்டார்ஷன் கட்டம் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பேஸைக் குறைத்தே பெருக்குகிறது. அதனால் தடித்த கம்பியில் பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை லேசாக அமுக்கி வாசிப்பது) செய்யும்போது குழகுழப்பு போய், ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும். எங்கள் கருத்தில் மாடலிங் ஆம்ப்புக்கு முன்னால் ஒரே ஒரு பெடல்தான் என்றால் அது இதுதான். ஆனால் காசு கொடுக்கும் முன், உங்கள் ஆம்ப்பின் உள்ளேயே ஓவர்டிரைவ் மாடல் இருக்கிறதா என்று பார்த்து, இதே அமைப்பில் வாசித்துவிடுங்கள். அது போதும் என்று தோன்றினால் பணம் மிச்சம்.

(ராட் என்ற டிஸ்டார்ஷன் பெடல் வகையை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் ஃபில்டர் நாப் தலைகீழ். வலப்பக்கம் திருகினால் ஒலி மங்கும்.)

கேள்வி: ஏற்காட்டில் தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கிறேன். ஆம்ப்பைத் தூக்கிச் செல்லாமல் பெடலிலிருந்து நேராக மிக்ஸருக்குக் கொடுத்தால் காதைக் கிழிக்கிறது. வீட்டு ஆம்ப்பில் அதே பெடல் இதமாக இருக்கிறது. மழைக்காலத்தில் கரகர இரைச்சல் வேறு.
– வாசகி, ஏற்காடு

பதில்: கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக மங்கிவிடும். டிஸ்டார்ஷனின் முள் (காதைக் குத்தும் கூர்மை) பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. தேவாலயத்தின் ஸ்பீக்கர் பெட்டி அந்த முள்ளையும் சேர்த்துப் பாடுகிறது. ஆகவே பெடலுக்கும் மிக்ஸருக்கும் நடுவில் கேபினட் மாடல் (கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்வது) கட்டாயம் வேண்டும். சிறிய மாடலிங் ஆம்ப் ஒன்றைக் கொண்டுபோய், அதன் ஹெட்போன் அல்லது லைன் அவுட்டிலிருந்து எடுத்தால் போதும்; பெரும்பாலான ஆம்ப்களில் அந்த வழியில் கேபினட் மாடல் சேர்ந்தே வரும்.

ஒரு பொறி இருக்கிறது. ஹெட்போன் அவுட் ஸ்டீரியோ. சாதாரண ஸ்டீரியோ கேபிளால் அதை மிக்ஸரின் ஒரே பேலன்ஸ்டு சாக்கெட்டில் (இரண்டு சிக்னலின் வித்தியாசத்தை மட்டும் எடுப்பது) செருகினால், இடதும் வலதும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு கிட்டாரே காணாமல் போகும். ஒரு முனையில் ஸ்டீரியோ பின், மறுமுனையில் இரண்டு மோனோ பின்கள் உள்ள ஒய் கேபிள் வாங்கி, இரண்டு சேனலில் கொடுங்கள்.

மழைக்கால இரைச்சலுக்கு, பனிமூட்டத்தில் ஜாக்குகளில் படியும் துரு காரணமாக இருக்கலாம். பின்னைச் செருகி உருவும்போது கரகரத்தால் அதுதான். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைப் பின்னில் தெளித்து, பத்துமுறை செருகி எடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். பேட்டரியில் ஓட்டினால், வாசித்து முடித்ததும் பெடலின் இன்புட்டில் இருந்து கேபிளை உருவிவிடுங்கள். அந்த ஜாக்கில் கேபிள் இருக்கும்வரை பேட்டரி கரையும், சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும்.

கேள்வி: பெடல் ஆன் செய்தால் மட்டும் ‘ஊ’ என்றும் ‘கீ’ என்றும் சத்தம் வருகிறது.
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: ‘ஊ’ என்பது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் என்றால் டிரான்ஸ்பார்மர், டியூப்லைட்டிலிருந்து விலகி உட்காருங்கள். பிளக் பாயிண்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சோதியுங்கள். எர்த் பின்னை வெட்டிவிட்டால் இரைச்சல் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உயிருக்கு ஆபத்து. ‘கீ’ என்பது பெரும்பாலும் அடாப்டர். டிஜிட்டல் பெடலையும் டிஸ்டார்ஷன் பெடலையும் ஒரே அடாப்டரில் கோத்திருந்தால் பிரித்து, ஆளுக்கொரு 9 வோல்ட் அடாப்டர் கொடுங்கள். நடுப்பின் நெகட்டிவ் ஆக இருக்க வேண்டும். எது குற்றவாளி என்று கண்டுபிடிக்க, டிஸ்டார்ஷன் பெடலை மட்டும் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: டிஸ்டார்ஷன் பெடலை எஃபெக்ட்ஸ் லூப்பில் (ஆம்ப்பின் பிரீஆம்ப்புக்குப் பிறகு பெடல்களை இணைக்கும் வழி) போடலாமா?
– வாசகர், ஓமலூர்

பதில்: வேண்டாம். அது ஆம்ப்பின் இன்புட்டுக்கு முன்னால்தான். லூப்பில் டிலேயும் ரிவர்ப்பும் போடுங்கள்.