மொகஞ்சதாரோ முத்திரையில் இருப்பவர் சிவபெருமானா?

கேள்வி: மொகஞ்சதாரோவில் கிடைத்த பசுபதி முத்திரையைக் காட்டி, இந்து சமயம் ஐயாயிரம் ஆண்டுப் பழமையுடையது என்று சிலர் சொல்கிறார்கள், அது வெறும் ஊகம் என்று வேறு சிலர் மறுக்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அந்த முத்திரையையே பார்த்துவிடுவோம். தீப்பெட்டியைவிடச் சிறிய, ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர் அளவுள்ள மாக்கல் சதுரம் அது. கொம்புகள் விரிந்த தலையணியோடு ஓர் உருவம், குதிகால்கள் சேரும்படி கால்களை மடக்கிப் பீடத்தில் அமர்ந்திருக்கிறது. கைகள் நிறைய வளையல்கள். சுற்றிலும் யானை, புலி, காண்டாமிருகம், எருமை. பீடத்தின் அடியில் இரண்டு மான்கள். 1928-29 அகழாய்வில் கிடைத்த இதனை, மூன்று முகங்களும் யோக இருக்கையும் விலங்குகளின் சூழலும் கொண்டிருப்பதால், சிவனின் தொல்வடிவம் என்று 1931இல் தொல்லியல் அறிஞர் ஜான் மார்ஷல் எழுதினார். பசுபதி என்னும் பெயர் அதன் பிறகு நிலைத்துவிட்டது.

அந்தப் பெயரில்தான் சிக்கல் இருக்கிறது. நம் சிவாலயங்களில் இன்றும் ஓதப்படும் ஸ்ரீருத்ரம் உருத்திரனைப் ‘பசூனாம் பதி’ என்று போற்றுகிறது. ஆனால் வேத வழக்கில் ‘பசு’ என்பது பெரும்பாலும் மனிதர் வளர்க்கும் உயிர்களைக் குறிக்கும் சொல். புலியும் காண்டாமிருகமும் அதில் அடங்குவதில்லை. பக்கத்து முகங்களாகத் தெரிபவை எருமையின் காதுகளாக இருக்கலாம் என்றும், அது எருமைத் தெய்வம் என்றும் விளக்கிய ஆய்வாளர்கள் உண்டு. உருவத்தின் தலைக்கு மேல் பொறித்த எழுத்துகளை இன்றுவரை யாரும் ஐயமறப் படித்துக் காட்டவில்லை. ஆகவே, அவரைச் சிவனென்று உறுதியாகச் சொல்ல இந்த ஒரு கல் போதாது என்பதே என் முடிவு.

அதற்காகச் சிந்துவெளிக்கும் நமக்கும் தொடர்பே இல்லை என்று அடித்துச் சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். அதே ஊரில் கிடைத்த மற்றொரு முத்திரையில் அரசமரத்தின் நடுவே ஒரு தெய்வம் நிற்க, எதிரே ஒருவர் மண்டியிட்டு வணங்குகிறார். அரசமரத்தைச் சுற்றிவரும் நம் வழக்கத்துக்கு அத்தனை பழைய வேர் இருக்கக்கூடும் என்பதை எளிதில் தள்ளிவிட முடியாது.

வேதத்தின் கதை வேறு. ரிக் வேதப் பாடல்கள் பெரும்பாலும் கி.மு. 1500 முதல் 1000 வரையான காலத்தவை என்பது பெரும்பான்மை அறிஞர்களின் கணிப்பு. அதாவது, சிந்துவெளி நகரங்கள் தளர்ந்த பிறகு. அங்கே இந்திரனும் அக்கினியுமே முன்னிற்கிறார்கள். உருத்திரனுக்குச் சில பாடல்களே உள்ளன, ‘சிவ’ என்பதோ மங்கலம் என்னும் பொருள்தரும் அடைமொழி. தமிழ்நிலத்தில் தொல்காப்பியம் சொல்லும் சேயோனும் மாயோனும் இன்னொரு ஊற்று. இத்தனை ஓடைகள் சேர்ந்த ஆற்றுக்கு ஒரே பிறந்தநாளைக் கேட்பதால்தான் விவாதம் முடிவதில்லை என்று கருதுகிறேன்.

கேள்வி: ராகிகடி மரபணு ஆய்வு இதைத் தீர்த்துவிட்டதா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: தீர்க்கவில்லை. ஹரியானாவில் உள்ள சிந்துவெளி நகரமான ராகிகடியில் புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் மரபணுவைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வு, அவரிடம் மத்திய ஆசியப் புல்வெளி மக்களின் கலப்பு இல்லை என்று காட்டியது. அந்தக் கலப்பு பெரும்பாலும் கி.மு. 2000க்குப் பின் நேர்ந்தது என்பதை அதே ஆண்டின் மற்றோர் ஆய்வு விளக்கியது. இவை மக்களின் இடப்பெயர்வைப் பற்றியவை. வழிபாட்டைப் பற்றி மரபணுவிடம் விடை இல்லை. அந்தப் பெண்ணின் நம்பிக்கையைப் பற்றி ஏதேனும் சொல்வதானால், அவர் தலைமாட்டில் உறவினர் வைத்துச் சென்ற மட்பாண்டங்களே சொல்ல வேண்டும்.