முகவாய்வரை தண்ணீர்

கேள்வி: 'டேன்டலைசிங்' என்ற ஆங்கிலச் சொல்லை ருசியான சாப்பாட்டுக்குப் போடுகிறார்களே, சரியா? தமிழில் 'எட்டாக்கனி' என்று எழுதலாமா?

பதில்: ருசிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த 'எட்டா'. எவ்வளவு தூரத்தில் எட்டவில்லை என்பதில்தான் இந்தச் சொல்லின் உயிர் இருக்கிறது.

இந்தச் சொல் பிறந்தது டான்டலஸ் என்ற பெயரிலிருந்து. கிரேக்கப் புராணத்தில் வரும் அரசன், பெற்ற பிள்ளையையே வெட்டிச் சமைத்துத் தேவர்களுக்கு விருந்து வைத்தவன். பாதாளத்தில் அவன் படும் பாட்டை ஹோமரின் ஒடிசி 11-ஆம் காண்டம் சொல்கிறது. முகவாய்வரை தண்ணீர், குடிக்கக் குனிந்தால் வற்றிப்போய், காலடியில் கறுத்த மண் தெரியும். தலைக்கு மேல் பேரி, மாதுளை, அத்தி. கை நீட்டினால் காற்று அவற்றை மேகத்துக்குத் தூக்கிப்போகும். ஒவ்வொரு முறையும் கிடைத்துவிடும் போலிருப்பதுதான் தண்டனை.

எட்டாக்கனி அப்படி இல்லை. அண்ணாந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டலாம். 'கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை' என்பதே இதற்குப் பக்கத்தில் வரும்.

குறுந்தொகை 60-இல் பரணர் காட்டும் முடவனையும் இங்கே இழுக்கக் கூடாது. நெடுமலைத் தேனடையைக் கீழே உட்கார்ந்தபடி பார்க்கிறான். உள்ளங்கையைக் குவித்து, தேனைச் சுட்டிச் சுட்டிக் கையை நக்கிக்கொள்கிறான். காதலர் அன்பு செய்யாவிட்டாலும் அடிக்கடி காண்பதே உள்ளத்துக்கு இனிது என்று தலைவி சொல்ல வந்த உவமை அது. தேன் தொலைவில் இருப்பதால் கிடைத்த நிம்மதி. அந்த அடை மூக்குக்கு ஒரு சாண் தள்ளி இறங்கி, கை போனதும் மேலே ஏறியிருந்தால் பாட்டு 'இனிதே' என்று முடிந்திருக்காது.

இனி ருசி. அடுப்படியிலிருந்து வரும் வாசனை டேன்டலைசிங். சோறு இன்னும் இலைக்கு வரவில்லை. சாப்பிட்டு முடித்தது டெலிஷியஸ். நினைத்தால் எடுத்துக்கொள்ளக்கூடியது டெம்ப்டிங். சந்தேகம் வந்தால், வாக்கியத்தின் கடைசியில் 'ஆனால் இன்னும் கிடைக்கவில்லை' என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால் வேறு சொல் தேடுங்கள். 'உங்கள் நாக்கை டேன்டலைஸ் செய்யும்' என்று விளம்பரம் எழுதுபவர், சொல்லின் மூல அர்த்தப்படி, பரிமாற மாட்டோம் என்கிறார். இந்தத் தளர்ந்த வழக்கு பரவிவிட்டது, எனக்கு உடன்பாடில்லை. பொருளுக்கு 'டேன்டலைசிங்', ஏங்குகிற ஆளுக்கு 'டேன்டலைஸ்ட்'. எழுத்தில் 'எல்' ஒன்றுதான்.

பெயரைச் சரியாக இடுவது எப்படி என்று வேதியியலாரிடம் கற்கலாம். 1802-இல் ஸ்வீடனின் எக்கபெர்க் ஒரு புது உலோகம் கண்டார். அதன் ஆக்சைடை அமிலத்தில் மூழ்கடித்தாலும் துளி அமிலத்தை அது ஏற்கவில்லை. டான்டலம் என்று பெயர் வைத்தார். அதோடு ஒரே தாதுவில் கலந்து கிடந்து, பிரிக்கவே பெரும்பாடு படுத்திய இன்னொரு தனிமத்துக்கு 1844-இல் ஹைன்ரிக் ரோஸ் இட்ட பெயர் நயோபியம். நயோபி டான்டலஸின் மகள். தனிம அட்டவணையில் 41-ஆம் எண் மகள், 73-ஆம் எண் தகப்பனுக்கு நேர் மேலே இருக்கிறாள்.