சனியின் வளையங்களைச் சுற்றி இருப்பது வெறும் வெற்றிடமா?
சிங்கப்பூரின் ஜூரோங்கில் தொலைநோக்கி வழியே சனியைப் பார்த்த உங்கள் மகன் இப்படிக் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அருமையான கேள்வி! அங்கே பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் பெற்ற துகள்களாலான வாயு, இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் தண்ணீரிலிருந்து பிறந்தது. என்செலடஸ் என்ற சனியின் சின்ன நிலவு தென்துருவப் பிளவுகளிலிருந்து நீராவியைப் பீய்ச்சுவதை 2005இல் காசினி விண்கலம் கண்டது. புற ஊதாக் கதிரும் எலக்ட்ரான் மோதலும் அதில் ஒரு பகுதியை அயனியாக்குகின்றன, அதாவது எலக்ட்ரான்களைப் பிரித்து மின்னேற்றம் தருகின்றன. உடனே சனியின் காந்தப்புலம் அதைப் பற்றிக்கொள்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் பிறகு நடப்பதுதான். நிலவு நொடிக்குச் சுமார் 12.6 கிலோமீட்டர் வேகத்தில் ஓட, பத்தரை மணி நேரத்தில் சுழலும் கோளோடு இழுபடும் பிளாஸ்மா பின்னாலிருந்து வந்து அதை முந்திவிடுகிறது. கனமான நீர் அயனிகளை மையவிலக்கு விசை நடுக்கோட்டுத் தளத்திலேயே நிறுத்துகிறது. லேசான புரோட்டான்கள் காந்தக் கோடுகள் வழியே மேலும் கீழும் பரவுகின்றன.