சொட்டிலிருந்து ஒரு லென்ஸ்: இங்க்ஜெட் கேள்வி பதில்

காட்பாடியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஏழு வருஷமாக இங்க்ஜெட்டால் மைக்ரோ லென்ஸ் அச்சடிக்கிறேன். வந்த கேள்விகளும் என் பதில்களும்.

ஆற்காடு மாணவி: அக்கா, மை விழுந்தால் கறைதானே ஆகும்? லென்ஸ் எப்படி வரும்?

மைக்குப் பதிலாக, புற ஊதா ஒளி பட்டால் இறுகிவிடும் தெளிவான பிசினை ஊற்றுகிறோம்மா. ஒரு சொட்டு 10 பிகோலிட்டர் என்று வை. லிட்டரை லட்சம் கோடி பங்காக்கி அதில் பத்து! விட்டம் சுமார் 27 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அவ்வளவு சின்னதில் புவியீர்ப்பு எடுபடாது. பரப்பு இழுவிசை சொல்வதுதான் சட்டம். கண்ணாடியில் விழுந்த சொட்டு உருண்டையின் ஒரு துண்டு போல நிற்கும். ஒளி காட்டினால் அப்படியே இறுகிவிடும். அரைக்கவும் வேண்டாம், மெருகு போடவும் வேண்டாம்.

குடியாத்தம்: என் சொட்டுகள் தட்டையாகப் பரவிவிடுகின்றன, மேடம்.

எல்லாரும் பிரிண்டரைத்தான் குறை சொல்வார்கள். நீங்கள் கண்ணாடியைப் பாருங்கள். சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் முத்தாக உருளும், நன்றாகக் கழுவிய கண்ணாடியில் படர்ந்துவிடும். பிசினும் அப்படித்தான். ஃப்ளூரோசிலேன் என்ற, திரவம் ஒட்டவிடாத பூச்சை மெலிதாகப் போட்டால் சொட்டு எழுந்து நிற்கும். ஒளிவிலகல் எண் 1.5 உள்ள பிசினில் குவியத்தூரம் வளைவு ஆரத்தைப் போல இரண்டு மடங்கு. சொட்டு தட்டையானால் ஆரம் கூடும், குவியமும் தள்ளிப்போகும். ஒரு கைரேகை பட்டாலும் போச்சு: அந்த வரிசையில் ஒரு லென்ஸ் மட்டும் கோணலாக நிற்பதை நுண்ணோக்கியில் பார்த்து நொந்திருக்கிறேன். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

ராணிப்பேட்டை, ஃப்ளெக்ஸ் கடைக்காரர்: ஏம்மா, கடையில் கிடக்கும் பழைய பிரிண்டர் உதவுமா?

எந்த வகை என்று பாருங்கண்ணா. ஹெச்பி, கேனான் வீட்டு பிரிண்டர்கள் மையைச் சூடாக்கிக் குமிழி எழுப்பித் தள்ளுபவை, பிசினுக்கு ஒத்துவராது. எப்சன் போல பீசோ தலை இருந்தால் முயலலாம். மின்னழுத்தத்தில் படிகம் வளைந்து சொட்டைத் தள்ளுவதால் சூடு தேவைப்படாது.

சத்துவாச்சாரி: நம்ம ஊர் மே மாச வெயிலில் இது நடக்குமா?

ஏசி இல்லாமல் நடக்காது. சூடு ஏறினால் பிசின் நீர்த்துப்போகும், பெரிய சொட்டுக்குப் பின்னால் குட்டிச் சொட்டுகளும் தெறிக்கும். அறையை 25 டிகிரியில் வையுங்கள். வெயிலிலும் புற ஊதா உண்டு, மறக்காதீர்கள். ஒருமுறை ஜன்னல் திரையை மூடாமல் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் முனைத் துளைகளில் பிசின் கல்லாக இறுகியிருந்தது. புதுத் தலை வாங்க வேண்டியதாயிற்று.

வாலாஜா: அக்கா, நான் பிசின் இல்லை, தண்ணீரில் கலந்த நுண்துகள் மை அடிக்கிறேன். காய்ந்ததும் வளையம் விழுகிறது.

டீக்கடை மேஜையில் சிந்திய டீ காய்ந்தால் ஓரம் மட்டும் கறுத்து நிற்குமே, அதேதான். ஓரம் ஒட்டிக்கொண்டு வேகமாகக் காயும். அதை ஈடுகட்ட உள்ளிருந்து நீர் ஓடும்போது துகளையும் இழுத்துப்போகும். 1997இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். மையில் கொஞ்சம் எத்திலீன் கிளைகால் கலந்து பாருங்கள். அது மெதுவாக ஆவியாவதால் ஓரத்தில் தங்கி அங்கே பரப்பு இழுவிசையைக் குறைக்கும். நீர் நடுப்பக்கம் திரும்பும். பத்தில் ஒரு பங்கில் தொடங்கி, வளையத்தைப் படமெடுத்து அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.