வாக்கர் என்றால் நடப்பவரா?

கேள்வி: அமெரிக்க முன்னாள் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் பெயரிலுள்ள ‘டபிள்யூ’, வாக்கர் என்பதன் முதலெழுத்து என்று படித்தேன். வாக்கர் குடும்பப் பெயர்தானே, நடுவில் எப்படி வந்தது? நிறைய நடந்தவர்களுக்கு வைத்த பெயரா?

பதில்: நடுவில் வந்த கதை சிறியது. அவருடைய பாட்டி, அதாவது அப்பாவைப் பெற்றவர், டோரதி வாக்கர். தாய்வழிக் குடும்பப் பெயரை நடுப்பெயராக வைப்பது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உள்ள வழக்கம். புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸுக்கு அதுவே முதற்பெயர்.

நடந்தவர்கள் என்பது பாதி சரி. அவர்கள் நடந்தது துணியின் மேல்.

தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி தளர்வாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, புளித்த சிறுநீரும் முல்தானி மட்டி வகைக் களிமண்ணும் சேர்த்து, மணிக்கணக்கில் காலால் மிதிப்பார்கள். பிசுக்குப் போகும், இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கி, துணி தடிப்பாகும். குளிர் தாங்கும் துணி அப்படித்தான் கிடைத்தது. உருட்டுவது, புரட்டுவது என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து இந்த வேலைக்காரருக்கு வாக்கர் என்று பெயர் வந்தது.

நான் கம்பளி ஆலையில் இதே பிரிவில் வேலை பார்த்தவன். எங்களுக்கு இயந்திரமும் சோப்பும் இருந்தன. அப்படியும் நனைந்த கம்பளியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்; அந்த வாடை வீடுவரை கூடவே வரும். வெறுங்காலால் மிதித்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும்.

இதே வேலைக்குப் பிரிட்டனில் ஊருக்கொரு பெயர். வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாக்கர், தென்கிழக்கு இங்கிலாந்தில் ஃபுல்லர், தென்மேற்கே டெவன், சாமர்செட் பக்கம் டக்கர். மூன்றும் குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன. ஒரு குடும்பம் எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பியது என்பதற்கு இதுவே ஒரு துப்பு. எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

12ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் தண்ணீரால் ஓடும் ஆலைகள் வந்து, மரச் சம்மட்டிகள் துணியை அடிக்கத் தொடங்கின. அப்புறமும் ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளில் 20ஆம் நூற்றாண்டுவரை கைவேலை விடவில்லை. பெண்கள் நீளப் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, ஈரத்துணியைத் தாளத்தோடு அடித்தபடி ஸ்காட்லாந்தின் பழைய மொழியான ‘கேலிக்’கில் பாடுவார்கள். ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து வாங்கிப் பாட, துணி கை மாறிக் கை மாறிப் பலகையைச் சுற்றி வரும்.