இன்பொக்ஸ் நிரம்பிவிட்டது, பழைய மெயில் எல்லாவற்றையும் அழித்துவிடலாமா?

மெயில் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டது, இடம் முடிந்தது என்று ஜிமெயில் சொல்கிறது, மூன்று வருசத்துக்கு முந்தியதை ஒரேயடியாக அழிக்கலாமா, இல்லாவிட்டால் புது ஐடி திறக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம். அனுப்பிய ஆளைப் பார்த்து அழியுங்கள், மெயிலின் வயதைப் பார்த்து அழிக்காதீர்கள்.

கிளிநொச்சியில் ஒரு கொமினிகேசன் கடையில் எனக்கு வேலை. ஸ்கான், ஒன்லைன் விண்ணப்பம் என்று வருகிறவர்களின் இன்பொக்ஸ்களைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறேன். பழையதெல்லாம் குப்பை என்ற கணக்கு வன்னியில் சரிவராது. 2009 இல் போரின்போது வீட்டோடு சேர்த்துப் பத்திரங்களையும் விட்டுவிட்டு வந்த சனம் இது. மீள்குடியேறிய பிறகு பிறப்பு அத்தாட்சி, காணி பெர்மிட் என்று ஒவ்வொன்றாக அலைந்து எடுத்தார்கள். எடுத்த கையோடு பலர் ஸ்கான் பண்ணி மெயிலில் போட்டு வைத்தார்கள். ஆகவே பத்து வருசம் பழைய மெயிலில்தான் பெறுமதியானது கிடக்கும். குப்பை என்றால் நேற்று வந்த தள்ளுபடி விளம்பரம்தான்.

அந்த ஸ்கான் மெயில்களைத் தேடிப் பிடிப்பதுதான் கொஞ்சம் சிரமம். சப்ஜெக்ட் இருக்காது. கோப்பின் பெயரோ ஸ்கானர் தானாகப் போட்ட ஏதோ இலக்கம். பெர்மிட் என்று தேடினால் ஒன்றும் வராது. அண்மையில் விசுவமடுப் பக்கமிருந்து ஒரு ஐயா வந்தார், பிரதேச செயலகத்தில் பெர்மிட் கொப்பி கேட்டிருக்கிறார்களாம். “தம்பி, அது மெயிலுக்குள்ளதான் கிடக்குது, எங்கயெண்டுதான் தெரியேல்ல” என்றார். தேடல் பெட்டியின் வலப்பக்க ஓரத்தில் இருக்கும் சின்னக் குறியை அழுத்தினால் ஒரு படிவம் திறக்கும். அதில் இணைப்பு உள்ளவை என்பதற்குச் சரி போட்டு, அவர் நினைவில் இருந்த வருசத்தைத் திகதியில் கொடுத்தோம். மகளின் பிறப்பு அத்தாட்சிக்கும் யாரோ அனுப்பிய கோயில் திருவிழா நோட்டீசுக்கும் நடுவில் பெர்மிட் இருந்தது. கொஞ்சம் சரிந்தபடி, ஓரத்தில் ஸ்கான் பண்ணினவரின் விரல் நுனியும் விழுந்து. இலக்கம் எல்லாம் தெளிவு. அவருக்கு அது போதும்.

நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள். உங்களுக்கு ஸ்கான் அனுப்பிய கடையின் முகவரி, வெளிநாட்டில் இருக்கும் அண்ணா, அக்காவின் முகவரி, உங்களுக்கு நீங்களே அனுப்பியவை, இவற்றைத் தனித்தனியாகத் தேடி ஒரு லேபிளுக்குள், அதாவது நீங்கள் பெயர் வைக்கும் ஒரு பிரிவுக்குள் போடுங்கள். லேபிள் போட்டால் மட்டும் பாதுகாப்பில்லை, தவறி அழித்தால் லேபிளோடு சேர்ந்துதான் போகும். அதனால் பென்டிரைவிலும் ஒரு கொப்பி.

அப்புறம் குப்பை. இதற்குப் போன் சரிவராது, கொம்பியூட்டரில் இருங்கள். விளம்பரம் அனுப்பும் ஒரு கடையின் பெயரைத் தேடி, மேலே உள்ள கட்டத்தில் சரி போட்டால் அந்தப் பக்கத்தில் தெரியும் மெயில்கள்தான் தெரிவாகும், வழக்கமாக 50. தேடலில் வந்த எல்லாவற்றையும் தெரிவு செய்யவா என்று பட்டியலுக்கு மேலே ஒரு வரி தோன்றும், அதை அழுத்தாமல் விட்டுவிட்டுத்தான் பலர் மணிக்கணக்கில் மினக்கெடுகிறார்கள். அழிப்பதற்கு முன் அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் அன்சப்ஸ்கிரைப் இருந்தால் அதையும் அழுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் திரும்ப நிறையும். வெளிநாட்டு வேலை, லொத்தரில் பணம் என்று வரும் மெயில்களுக்குள் இருக்கும் லிங்க்கை மட்டும் தொடவே வேண்டாம். அவற்றை ஸ்பாம் என்று அறிவித்தால் போதும்.

ஆர்க்கைவ் பண்ணினால் இன்பொக்ஸ் வெறுமையாகத் தெரியும், ஆனால் இடம் ஒரு துளியும் மிச்சமாகாது. அழித்த மெயிலும் 30 நாள் ட்ராஷ் என்ற குப்பைக்கூடையில் கிடக்கும். இடம் உடனே வேண்டுமென்றால் அதையும் காலி செய்ய வேண்டும், ஆனால் ஒரு தடவை உள்ளே பார்த்துவிட்டு.

உண்மையில் இடத்தைத் தின்பது மெயில் இல்லாமலும் இருக்கலாம். கூகுள் தரும் இலவச 15 ஜிபி ஜிமெயிலுக்கு மட்டும் உரியதல்ல, கூகுள் டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். அன்ட்ரொய்ட் போனென்றால் 2024 இலிருந்து வட்ஸ்அப் பக்அப்பும் அதற்குள்தான் கணக்கு. ரொறன்ரோவில் நடந்த சாமத்தியவீட்டு வீடியோ குடும்பக் குரூப்பில் வந்திருந்தால், அதுவும் உங்கள் மெயிலின் இடத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கலாம். வட்ஸ்அப் செட்டிங்ஸில் பக்அப்புக்குள் வீடியோவைச் சேர்ப்பதை நிறுத்திவிடுங்கள். சிலருக்கு இது ஒன்றிலேயே வேலை முடிந்துவிடுகிறது.

புது ஐடி ஏன் வேண்டாம் என்றால், வங்கி, பேஸ்புக், மகனின் கம்பஸ் விண்ணப்பம் எல்லாம் பழையதில்தான் தொங்குகிறது. அதைவிட, இரண்டு வருசம் தொடாமல் கிடக்கும் கணக்கை கூகுள் அழிக்கலாம், உள்ளே இருக்கும் பத்திரங்களோடு சேர்த்து. நம்மூரில் நிறையப் பேரின் கணக்கைக் கடையில்தான் திறந்து கொடுத்தார்கள். மீட்பு நம்பராகக் கடைக்காரரின் நம்பரோ, எப்போதோ தொலைந்த சிம்மோ இருக்கும். துப்புரவாக்க உட்காரும்போதே அதையும் பார்த்து, இப்போது கையில் இருக்கும் நம்பரைப் போட்டுவிடுங்கள்.